மூடிய பியானோவும் திறந்த ஆலயமும்



இறைவனுக்கு ஒன்றைக் காணிக்கையாக்க வேண்டும் என்று உள்ளம் விழைகின்றபோது, நம்மிடமுள்ளவற்றுள் மிகச் சிறந்தது எதுவோ அதை விட்டுவிடுவதே பெரிய காணிக்கை என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். பாடத் தெரிந்தவர் பாட்டை விடுவார். எழுதத் தெரிந்தவர் எழுதுகோலைக் கீழே வைப்பார். அதைத் துறவு என்று நாமும் போற்றுவோம். ஆனால் கொடுத்தவருக்கே அக்கொடையைப் பிரித்துப் பாராமல் திருப்பித் தருவது காணிக்கையாகுமா? ஒரு தாலந்தைப் பெற்றவன் அதனை நிலத்தில் புதைத்து வைத்து, தலைவர் திரும்பி வந்தபோது அப்படியே எடுத்து நீட்டினானே, அவனுக்குக் கிடைத்தது பாராட்டு அன்று என்பதை நாம் அறிவோம்.

இக்கேள்வியைத் தம் வாழ்வில் சுமந்து, மூன்று ஆண்டுகள் தம் கலையையே மூடி வைத்து, பின்னர் அதனைத் திறந்த ஒரு பெண்மணியைப் பற்றி இத்திங்கள் உங்களோடு உரையாட விரும்புகிறேன். அவர் பெயர் மேரி லூ வில்லியம்ஸ். அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பெண்மணி, ஜாஸ் இசையின் தலைசிறந்த பியானோக் கலைஞர், இசையமைப்பாளர், ஆசிரியை. 1910ஆம் ஆண்டு பிறந்து 1981ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தவர்.

தாயின் மடியில்

ஜாஸ் என்றவுடன் இரவு விடுதியும் மதுக்கிண்ணமும் நம் நினைவிற்கு வரலாம். அவ்விசை அங்கேயும் வாழ்ந்தது என்பது உண்மையே. ஆயினும் அதன் வேர் அங்கில்லை. அடிமைகளாக அமெரிக்க மண்ணிற்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் பருத்திக் காட்டில் பாடிய வேலைப்பாட்டும், கண்ணீரோடு விண்ணகத்தை நோக்கிப் பாடிய பக்திப்பாட்டும், 'புளூஸ்' எனப்படும் துயரப் பாடலும் ஒன்றுகூடிப் பிறந்த பிள்ளை அது. ஒரு மெட்டையும் அதற்கு அடிப்படையான சுரக்கூட்டுகளையும் எடுத்துக்கொண்டு, அந்த வரம்பிற்குள் நின்றபடியே, மேடையில் அந்தக் கணத்தில் தோன்றுகின்றவாறு புதிது புதிதாக விரித்து வாசிப்பதே அதன் உயிர். நம் இசைவாணர் மனோதர்மம் என்று சொல்லுகின்றார்களே, அதற்கு உறவான ஒன்று என்று கொண்டால் தவறில்லை.

மேரி பிறந்தது ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில். காலால் மிதித்துக் காற்றை ஊட்டி வாசிக்கும் ஆர்கன் ஒன்றை அவருடைய தாயார் வீட்டில் வாசிப்பார். குழந்தையை மடியில் இருத்திக்கொண்டே பயிற்சி செய்வது அவர் வழக்கம். ஒரு நாள், தாய் வாசித்து நிறுத்திய சுரங்களை மடியிலிருந்த மூன்று வயதுக் குழந்தை தன் சிறு விரல்களால் திருப்பி வாசித்துவிட்டது. திடுக்கிட்ட தாய் குழந்தையைக் கீழே தவறவிட்டு, அண்டை வீட்டாரை அழைத்துவர ஓடினாராம்.

அத்தாயார் அதன்பின் செய்த செயல் சிந்திக்கத்தக்கது. குழந்தையை இசையாசிரியர் எவரிடமும் அனுப்ப அவர் மறுத்துவிட்டார். ஏட்டைப் பார்த்து வாசிக்கக் கற்றபின், காதால் கேட்டு உள்ளத்திலிருந்து வாசிக்கும் ஆற்றலைத் தாமே இழந்துவிட்டதாக அவர் வருந்தியிருந்தார். அந்த இழப்பு மகளுக்கு நேரலாகாது என்று அஞ்சினார். ஆகவே இசைக்கலைஞர்களைத் தம் வீட்டிற்கு வரவழைத்தார்; அவர்கள் வாசிக்க வாசிக்கக் குழந்தை அருகிலிருந்து கேட்டது. வீட்டுக் கதவைத் திறந்து வைத்ததே அத்தாய் மகளுக்குத் தந்த முதல் பள்ளிக்கூடம். இந்தத் திறந்த கதவை, வாசகர்களே, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்லுக்கு மறுமொழி

மேரிக்கு ஐந்தாறு வயதாக இருந்தபோது குடும்பம் வடக்கே பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. தென்மாநிலங்களின் இனக்கொடுமையிலிருந்து தப்பவும், ஆலைகளில் வேலை தேடவும் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கு நோக்கிச் சென்ற காலம் அது. வடக்கிலும் வரவேற்பு மலர்மாலையாக இல்லை. கறுப்பினத்தார் தம் நடுவே குடிவந்ததைப் பொறாத வெள்ளையர்கள் அவர்கள் வீட்டுச் சாளரங்களில் செங்கற்களை வீசினர்.

இச்சிறுமியின் மறுமொழி அவள் விரல்களில் இருந்தது. அவள் வாசிப்பின் சிறப்பு மெல்லப் பரவியது. அண்டை வீட்டார் ஒருவர்பின் ஒருவராகத் தம் இல்லங்களுக்கு வந்து வாசிக்குமாறு அவளை அழைக்கலாயினர். செங்கல் வீச்சும் நின்றது. நகரின் கிழக்கு லிபர்ட்டிப் பகுதியில் 'சின்னப் பியானோச் சிறுமி' என்று அவளைச் செல்லமாக அழைத்தார்கள். அவளுடைய மாற்றாந்தந்தையார் அவளை நண்பர் கூட்டங்களுக்கு அழைத்துச் சென்று வாசிக்கச் செய்வார். பெரும் செல்வர்களான மெல்லன் குடும்பத்தாரின் விருந்துகளிலும் அச்சிறுமி வாசித்ததுண்டு.

பதின்பருவத்திலேயே ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களோடு பயணம் செய்யும் வாழ்க்கை தொடங்கிவிட்டது. ஜான் வில்லியம்ஸ் என்னும் சாக்ஸபோன் கலைஞரை மணந்தார். கணவர் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு பெரிய இசைக்குழுவில் சேர்ந்தபோது மனைவிக்கு அக்குழுவில் இடமில்லை. அந்நாளில் இவ்வம்மையார் பிழைப்பிற்காகப் பிணவண்டி ஓட்டியிருக்கிறார் என்று சொன்னால் வியப்படைவீர்கள். ஆம், இறந்தோரின் உடல்களை ஏற்றிச் செல்லும் வண்டிதான்!

குழுவைத் தாங்கிய பெண்

அக்குழு 1929ஆம் ஆண்டு ஆன்டி கிர்க் என்பவரின் தலைமையில் கான்சஸ் நகரில் நிலைகொண்டது. மேரிக்கு இசைக்குறிகளை எழுதத் தெரியாது. மனத்தில் இசை பொங்கி வழியும். அவர் வாயால் சொல்லச் சொல்லக் கிர்க் அதை ஏட்டில் எழுதுவார். பிறர் கையை நம்பி எத்துணை நாள் இருப்பது? குறியீடுகளைத் தாமே கற்று, பன்னிரண்டு வாத்தியங்களுக்கும் எதை எப்போது வாசிக்க வேண்டும் என்று வகுத்தெழுதும் இசைக்கோப்புக் கலையில் மிக விரைவில் தேர்ந்தார். 1930ஆம் ஆண்டு சிகாகோ நகரில் தம் முதல் தனி இசைத்தட்டைப் பதிவு செய்தார். 'மேரி லூ' என்ற பெயர் அப்போது இசைத்தட்டு நிறுவனத்தார் ஒருவர் இட்டது, அதுவே நிலைத்துவிட்டது.

பத்தாண்டுகளுக்கு மேலாக ஆடவர் நடுவே ஒரே பெண்ணாக, பேருந்திலும் காரிலும் இரவெல்லாம் பயணம் செய்து, வழியிலேயே அமர்ந்து இசையமைத்தார். 'இசைக்குழுவைத் தாங்கும் பெண்மணி' என்ற பொருளில் அவரைப் பற்றிப் பாடலே வெளிவந்தது. கிர்க் குழுவிற்கு மட்டுமன்றி வேறு பெரிய குழுக்களுக்கும் அவர் எழுதினார். 1937ஆம் ஆண்டு பென்னி குட்மன் குழுவிற்காக எழுதிய 'ரோல் எம்' என்ற இசை நாடெங்கும் ஒலித்தது. பியானோவில் இடக்கை ஓயாமல் உருட்டி வாசிக்கும் 'பூகி-ஊகி' என்னும் நாட்டார் முறையை ஒரு பெருங்குழு முழுவதற்கும் விரித்தமைத்த இசை அது. டியூக் எலிங்டன் என்ற மாபெரும் இசைமேதையும் அவரிடம் எழுதி வாங்கினார்.

1942இல் கிர்க் குழுவை விட்டு விலகி, பின்னர் நியூயார்க் நகரில் குடியேறினார். அங்கே வானொலியில் வாரந்தோறும் நிகழ்ச்சி நடத்தியபோது பன்னிரு இராசிகளின் பெயரால் பன்னிரண்டு இசைப்பகுதிகளை இயற்றினார். சோதிட நூல் என்று அஞ்ச வேண்டா! அந்தந்த இராசியில் பிறந்த தம் கலைத்தோழர்களுக்கு அவர் செலுத்திய அன்புக் காணிக்கை அது. ஜாஸ் இசையையும் மேற்கத்தியச் செவ்விசையையும் இணைத்த 'சோடியாக் சூட்' என்னும் அத்தொகுதி 1945 டிசம்பர் 31ஆம் நாள் நியூயார்க் டவுன் ஹாலில் வாத்தியக் குழுவோடு அரங்கேறியது.

ஹார்லம் பகுதியிலிருந்த அவருடைய சிறு அடுக்குமாடி வீடு அந்நாளில் ஒரு குருகுலமாக இருந்தது. தெலோனியஸ் மங்க், பட் பவல், டேட் டாமரன், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகிய இளங்கலைஞர்கள் நள்ளிரவிற்குப் பின் விடுதிகளில் வேலை முடித்து அங்கே வந்து சேர்வார்கள். 'பீபாப்' என்ற புதிய இசைமுறையைப் படைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். மூத்தவர்கள் பலர் அவ்விசையைச் சத்தம் என்று இகழ்ந்தபோது, இவரோ கதவைத் திறந்து வைத்தார்; கேட்டார்; திருத்தினார்; தாமும் கற்றார். தாயார் திறந்து வைத்த அதே கதவு!

பியானோ மூடப்பட்டது

1952ஆம் ஆண்டு சில நாள் நிகழ்ச்சிகளுக்கென்று இங்கிலாந்து சென்றவர் ஐரோப்பாவிலேயே இரண்டு ஆண்டுகள் தங்கிவிட்டார். புகழுக்குக் குறைவில்லை, உள்ளத்தில் மட்டும் ஏதோ வற்றிக்கொண்டே வந்தது. உடன் வாசித்த எத்தனையோ திறமைசாலிகள் போதைப்பொருளுக்கும் மதுவிற்கும் இரையாவதை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். பட் பவல் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனைக்கும் வீட்டிற்குமாக அலைந்தார். நெருங்கிய நண்பரான பியானோக் கலைஞர் கார்லண்ட் வில்சன் 1954ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் காலமானார். அதே ஆண்டு, அதே நகரில், ஓர் இரவு, மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நடந்து வெளியேறினார்.

நாட்டுப்புறத்தில் சில காலம் ஓய்வெடுத்துத் திருப்பாடல்களை வாசித்தார். ஆண்டின் இறுதியில் நியூயார்க் திரும்பினார். மூன்று மாதங்கள் கழித்து, 1955 மார்ச் 12ஆம் நாள், அத்தலைமுறையின் ஒப்பற்ற கலைஞரான சார்லி பார்க்கர் முப்பத்து நான்காம் வயதில் மடிந்தார். போதைப்பழக்கம் அவரைத் தின்று தீர்த்திருந்தது.

மேரி லூ வேறொரு வாழ்வைத் தேடினார். திறந்திருக்கும் ஓர் ஆலயத்தைத் தேடினார் என்றே சொல்ல வேண்டும். அவர் வீட்டிற்கு அருகில், பகல் முழுதும் கதவு திறந்திருந்த ஆலயம் கத்தோலிக்கருடைய லூர்து அன்னை ஆலயம். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் உள்ளே சென்று அமர்ந்தார். மணிக்கணக்கில் அமர்ந்தார். செபத்தில் நினைக்க வேண்டியவர்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகவும் மன்றாடினார். தெருவில் தள்ளாடி நின்ற கலைஞர்களைத் தம் வீட்டிற்கு அழைத்து வந்து சமைத்துப் போட்டார். படுக்க இடம் தந்தார். பியானோவை மட்டும் தொடவில்லை. அவ்விசையே பாவத்தின் வாசல் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

வாசகர்களே, இவ்விடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் இத்தகைய ஓர் ஆன்மா என்னிடம் வந்து, "சுவாமி, நான் இரவு விடுதியில் வாசித்தவள், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்" என்று சொல்லியிருந்தால், "நல்லது மகளே, இனி ஆலயமே உனக்குப் போதும்" என்றுதான் மறுமொழி தந்திருப்பேன். அச்சொல் பக்தியுள்ளதாகவே தோன்றியிருக்கும். ஆனால் ஒரு பியானோவை என்றென்றைக்குமாக மூடியிருக்கும்.

திறந்தது யார்?

மேரி லூவிற்கு வாய்த்த குருக்கள் என்னினும் அறிவுடையோர். டிஸ்ஸி கில்லெஸ்பியும் அவர் துணைவியார் லொரெய்னும் தென் அமெரிக்கப் பயணத்தில் சந்தித்த ஜான் குரோலி என்ற குருவானவர் அவர்களுள் ஒருவர். இசையை விடாதே, உன் வாசிப்பையே செபமாக ஒப்புக்கொடு என்பதுதான் அவர் மேரி லூவிற்குத் தந்த அறிவுரையின் சாரம். மற்றொருவர் இயேசு சபையைச் சேர்ந்த தந்தை அந்தோனி உட்ஸ். மறைக்கல்வி தந்து, 1957 மே மாதம் நியூயார்க் புனித லொயோலா இஞ்ஞாசியார் ஆலயத்தில் மேரி லூவையும் லொரெய்னையும் திருச்சபையில் சேர்த்தவர் அவரே.

அடுத்த இரண்டே மாதங்களில், 1957 ஜூலையில், நியூபோர்ட் ஜாஸ் விழா மேடையில் கில்லெஸ்பியின் குழுவோடு மேரி லூ அமர்ந்திருந்தார். தாம் முன்னர் இயற்றிய 'சோடியாக் சூட்' தொகுதியின் பகுதிகளை வாசித்தார். மூன்றாண்டு மௌனம் கலைந்தது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் பழைய வாழ்விற்குத் திரும்பவில்லை. பழைய கலையோடு புதிய வாழ்விற்குள் நுழைந்தார். 1958இல் 'பெல் கான்டோ' என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார். போதைப்பழக்கத்தில் வீழ்ந்த இசைக்கலைஞர்களுக்கு ஓர் இல்லம் அமைப்பது அதன் நோக்கம். பிறர் தந்த பழைய ஆடைகளையும் பொருள்களையும் விற்கும் கடை ஒன்றை நடத்தித் தம் வருவாயையும் அதில் கொட்டினார். எண்ணிய இல்லம் எழவில்லை, கடையும் நிலைக்கவில்லை. உலகக் கணக்கில் அது தோல்வி. ஆனால் அவர் வாசலில் உண்டு உறங்கி எழுந்தவர்களின் கணக்கு வேறொரு ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் அன்றோ?

பலிபீடத்தின் அருகே

குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்றோர் ஒரு செய்தியை அறிவர். 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், இசையின் பாதுகாவலியான புனித செசிலியம்மாளின் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். ஆலயத்தினுள் பியானோ வாசிப்பதை அவ்வாணை வெளிப்படையாகத் தடை செய்தது. முரசு, தாளம் முதலிய ஓசைக்கருவிகளுக்கும் அதே நிலைதான். நாடக அரங்கின் இசை ஆலயத்துள் புகுந்து வழிபாட்டின் அமைதியைக் குலைத்திருந்த காலத்தில் அத்தடைக்குத் தக்க காரணம் இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம், கிரகோரியன் இசைக்கும் ஆர்கனுக்கும் உரிய முதன்மையை உறுதிசெய்தது. அதே வேளையில், தமக்கென இசைமரபு உடைய மக்களின் இசைக்குத் தக்க மதிப்பும் வழிபாட்டில் தக்க இடமும் தரப்பட வேண்டும் என்றும் கூறியது. இக்கதவு திறப்பதற்கு ஓராண்டு முன்னரே மேரி லூ வாசலில் வந்து நின்றுவிட்டார்! பெரு நாட்டு லீமா நகரில் வெள்ளைத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்து, துறவு மடத்தில் பெருக்குமாறோடு நோயாளருக்குப் பணிபுரிந்த மார்ட்டின் தெ போரஸ் அவர்களுக்கு 1962 மே 6ஆம் நாள் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் புனிதர் பட்டம் வழங்கினார். அவ்வாண்டு நவம்பரில், அப்புனிதருக்காக மேரி லூ இயற்றிய பாடல் நியூயார்க் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் ஒலித்தது. பாடல் வரிகள் தந்தை உட்ஸ் எழுதியவை. 'ஆண்டிஸ் மலையின் கறுப்புக் கிறிஸ்து' என்ற பெயரால் அது பின்னர் இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

1964ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் ஆயர் ஜான் ரைட் அவர்களின் ஆதரவோடு அந்நகரில் ஜாஸ் விழா ஒன்றைத் தோற்றுவித்தார். 1967ஆம் ஆண்டு அங்குள்ள கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக அமர்ந்து, மாணவியர் குரலை மனத்திற்கொண்டே தம் முதல் திருப்பலி இசையை இயற்றினார். அம்மாணவியரே அதனைப் புனித பவுல் பேராலயத்தில் பாடினர். 1968இல் தவக்காலத் திருப்பலிக்கான இசை பிறந்தது. அதன் பின், அமைதிக்காக ஒரு திருப்பலி இசையைத் திருப்பீடத்தின் நீதி, அமைதி ஆணைக்குழுவினர் விரும்ப, மூன்றாவது இசையும் உருவாயிற்று. அதுவே 'மேரி லூவின் திருப்பலி' என்று பெயர் பெற்றது. 1971ஆம் ஆண்டு நடன மேதை ஆல்வின் எய்லி அதற்கு நடனம் அமைத்தார். 1975 பிப்ரவரியில் நியூயார்க் புனித பாட்ரிக் பேராலயத்தில், திருப்பலியிலேயே, இசைத்தவரே அமர்ந்து வாசிக்க, அவ்விசை முழங்கியது. அப்பேராலயத்தில் ஜாஸ் இசையோடு ஒப்புக்கொடுக்கப்பட்ட முதல் திருப்பலி அது.

இருபது ஆண்டுகளுக்கு முன் பியானோவை மூடி வைத்துவிட்டு ஆலயத்தின் கடைசி இருக்கையில் அழுதுகொண்டிருந்தவரைப் பலிபீடத்தின் அருகே அதே பியானோவோடு காண்கிறோம்.

ஆசிரியை

கலைஞர் பலர் தம் கலையைத் தம்மோடு கல்லறைக்குக் கொண்டுசெல்வர். இவர் அவ்வாறு செல்ல மறுத்தார். 1977ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்து டூக் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியப் பணிக்கு அழைத்தது. 1963ஆம் ஆண்டு வரை இளநிலை வகுப்புகளில் ஒரு கறுப்பின மாணவரையும் சேர்க்காதிருந்த பல்கலைக்கழகம் அது என்பதை எண்ணிப் பாருங்கள்! செங்கல் எறியப்பட்ட வீட்டுச் சிறுமி இப்போது அங்கே ஆசிரியை.

அவருடைய வகுப்பில் மாணவர்கள் இடம் தேடி நெருக்கியடித்தார்கள். அவரது பணிகளை ஒழுங்குசெய்து வந்த இயேசு சபைக் குரு பீட்டர் ஓ'பிரையன் வரலாற்றை விளக்குவார். மேரி லூ பியானோவில் அமர்ந்து அதனைக் கேட்கச் செய்வார். இசையே அறியாத மாணவர்களையும் வாய்விட்டுப் பாட வைப்பார். முதலில் காது, பின்னரே ஏடு. தாயார் அஞ்சிய அந்த இழப்பு தம் மாணவருக்கும் நேரலாகாது என்று கருதினார் போலும்.

ஜாஸ் இசையின் வரலாற்றை அவர் ஒரு மரமாக வரையச் செய்து காட்டுவார். அம்மரத்தின் வேர்: துன்பம். அதிலிருந்து எழும் அடிமரத்தில் அடிமை மக்களின் பக்திப்பாட்டும் அதன்பின் வந்த இசைமுறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். மரத்தைச் சுற்றிய பட்டையாக, எல்லாக் காலத்தையும் பொதிந்து நிற்பது புளூஸ். வேரை அறுத்துவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவது வீண் என்பதே அவர் கற்பித்த பாடம். துன்பத்தை மறந்த இசை வெறும் ஓசை என்று அவர் கருதினார். சிலுவை மரத்தடியில் நிற்கின்ற நமக்கு இப்பாடம் அயலானதன்று.

புற்றுநோய் அவரைப் பற்றியபோதும் கற்பிப்பதை அவர் விடவில்லை. பெரியதோர் இசைப்படைப்பையும் எழுதிக்கொண்டிருந்தார். அது முற்றுப்பெறுமுன் 1981 மே 28ஆம் நாள் தம் எழுபத்தோராம் வயதில் கண்மூடினார். தம் உடைமையைச் சிறுவர் சிறுமியர்க்கு ஜாஸ் இசை கற்பிக்கும் அறக்கட்டளைக்கென்று எழுதி வைத்திருந்தார். அடக்கத் திருப்பலி அவர் திருச்சபையில் சேர்க்கப்பட்ட அதே இஞ்ஞாசியார் ஆலயத்தில் நிகழ்ந்தது. உடல் பிட்ஸ்பர்க் நகரின் கல்வாரிக் கல்லறையில் இளைப்பாறுகிறது. 1983இல் டூக் பல்கலைக்கழகம் கறுப்பினப் பண்பாட்டிற்கான தன் மையத்திற்கு அவர் பெயரையே சூட்டியது.

நமக்கு

அன்பர்களே, இவ்வரலாற்றைப் படிக்கும்தோறும் என் உள்ளத்தில் நிலைத்து நிற்பவை இரண்டு.

முதலாவது, அந்தத் திறந்த ஆலயம். லூர்து அன்னை ஆலயத்தின் கதவு அன்று பகலில் பூட்டியிருந்தால், மேரி லூ எங்கே சென்று அமர்ந்திருப்பார்? அங்கே எவரும் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. உன் தொழில் என்ன, சமயம் என்ன என்று வினவவில்லை. கதவு திறந்திருந்தது, அவ்வளவே. உள்ளே ஆண்டவர் இருந்தார், அது போதுமானதாயிற்று. ஆலயத் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் என்போன்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அந்த அறிவுரை. மனந்திரும்பி வருகின்ற ஒருவரிடம் 'எதை விட்டாய்?' என்று கேட்பது எளிது. 'உன்னிடம் ஆண்டவர் வைத்தது என்ன?' என்று கேட்கும் பொறுமை அரிது. பாவத்தை விடச் சொல்ல வேண்டியதே. ஆனால் பாவம் ஒட்டிக்கொண்டிருந்த காரணத்தால் கொடையையும் எறிந்துவிடச் சொன்னோமானால், களையோடு கோதுமையையும் பிடுங்கியவர்களாவோம். மூன்றாண்டு மௌனம் மேரி லூவிற்குத் தேவையாக இருந்தது. அந்தப் பாலைவனத்தில்தான் அவர் தம்மைக் கண்டுகொண்டார். ஆயினும் பாலைவனம் வழியேயன்றி வீடு அன்று. 'இனி எழுந்து நட' என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

உங்கள் இல்லங்களிலும் மூடிக்கிடக்கும் பியானோ ஒன்று இருக்கலாம். திருமணத்திற்குப் பின் பாடாமல் நின்றுபோன மனைவியின் குரலாக இருக்கலாம். 'இதனால் சோறு கிடைக்குமா?' என்று நாம் பறித்து வைத்த மகனின் தூரிகையாக இருக்கலாம்; ஓய்வு பெற்றபின் எவரும் கேட்க வாராத ஒரு முதிய ஆசிரியரின் அறிவாக இருக்கலாம். இம்மாதம் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். தூசி படிந்திருக்கும்; சுரம் சற்றே பிசகும். அதனாலென்ன? பாரிஸ் மேடையிலிருந்து எழுந்து சென்றவர் மீண்டும் வந்து அமர்ந்தார் அல்லவா?

கொடுத்தவர் புதைத்து வைக்கக் கொடுக்கவில்லை. அவர் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.